இருபத்தெட்டு நாள் மாத்திரை

தோர்ன்பெக், கம்ப்ரியா
31 ஆகஸ்ட் 2023

அன்புத் தங்கை தெல்மாவுக்கு,

நியூசிலாந்தில் குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். உன் ஆடுகள் குட்டி போடத் தொடங்கிவிட்டனவா? இங்கே ஓயாத மழை. பீன்ஸ் கொடிகள் சாய்ந்து கிடக்கின்றன, நிமிர்த்திக் கட்ட நேரமில்லை. நீ இரண்டு முறை போன் செய்தும் நான் எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. வில்ஃப் பக்கத்திலேயே இருக்கும்போது போனில் இதையெல்லாம் பேச முடியாது.

அவருடைய நடுக்குவாதத்துக்கு ஒரு நாளில் ஐந்து வேளை மாத்திரை. அரைமணி தவறினாலும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், கரண்டி பிடித்த கை பாதி வழியில் நின்றுவிடும். கிளினிக்கில் இருபத்தெட்டு நாளுக்கு மேல் தருவதில்லை. தீர ஒரு வாரம் இருக்கும்போது சீட்டில் குறித்து அவர்கள் பெட்டியில் போடவேண்டும். முன்னதாகப் போட்டால் திருப்பிவிடுவார்கள். பிந்தினால் கடையில் மருந்து இருக்காது. ஆறு வருடமாக இப்படித்தான் போகிறது என் காலம்.

இந்த முறையும் சரியான நாளில்தான் போட்டேன். போன வெள்ளிக்கிழமை மருந்துக்கடைக்குப் போனால் அவர் பெயரில் பை இல்லை. கிளினிக்கில் நிறுத்திவிட்டார்களாம். திங்களும் சேர்த்து மூன்று நாள் விடுமுறை வருகிறது. டப்பாவில் சனிக்கிழமை மதியம் வரைதான் இருந்தது.

கிளினிக்குக்குப் போன் செய்தேன். இருபது நிமிடம் கழித்து வரவேற்பில் இருக்கும் மொய்ரா எடுத்தாள். வருடாந்தர மருந்துப் பரிசோதனைக்கு அவர் வரவில்லையாம், அவருடைய போனுக்குச் செய்தி அனுப்பினார்களாம். அந்தப் போன் எந்த டிராயரில் கிடக்கிறதோ! "சரிம்மா, இப்ப நான் என்ன பண்ணணும்?" என்றேன். "உங்ககிட்ட பேச அவர் சம்மதம் ஃபைல்ல இல்லையே. அவரையே பேசச் சொல்லுங்க" என்றாள். போனை அவர் வாயருகே பிடித்தேன். "ஹலோ, ஹலோ, யாரும் பேசலையே?" என்று வைத்துவிட்டாள். தெல்மா, அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். முப்பது வருடம் சந்தையில் ஆட்டு ஏலம் கூவிய குரல், பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

சக்கர நாற்காலியில் வைத்துக் கிளினிக்குக்கே கூட்டிக்கொண்டு போனேன். உட்காரக்கூட இடமில்லாத கூட்டம், எல்லாம் தெரிந்த முகங்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மொய்ரா குனிந்து கேட்டாள்: "மிஸ்டர் ஹெஸ்கெட், உங்க மருந்து விஷயமெல்லாம் இனிமே உங்க மனைவி பாத்துக்கலாமா? ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். "முடியாது" என்றார். அறை முழுக்கக் கேட்டது.

மேல்பண்ணை ஜாஸ்பர் சிரித்துவிட்டான். "அடேங்கப்பா, வில்ஃப் சுத்தியலை அடிச்சு ஏலத்த முடிச்சிட்டாரு!"

எனக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. "மாத்திரை இல்லாம மரக்கட்டையா கிடக்கப் போறீங்களா? யாரு தூக்குறது உங்கள?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். இத்தனை வருடத்தில் நான் அப்படிக் கத்தியதில்லை.

சத்தம் கேட்டு, மருந்துகளைக் கவனிக்கும் ஷோனா என்ற பெண் உள்ளேயிருந்து வந்தாள். அவரைத் தன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள், என்னை வெளியே இருக்கச் சொன்னாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது. கதவு மூடியதுமே உட்கார்ந்தபடி தூங்கிப்போனேன்.

ஷோனாதான் தோளைத் தொட்டு எழுப்பினாள். பரிசோதனை முடிந்து சீட்டு கடைக்குப் போய்விட்டது என்றாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. 'நான் ஆமான்னா இந்த வேலையும் சாகுற வரைக்கும் அவ தலையிலதான். அவ ராத்திரி தூங்குறதே இல்ல, சொன்னாலும் கேக்க மாட்டா'ன்னாரு" என்று ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தாள். பென்ரித்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இரண்டு வாரம் தங்க அவரே கேட்டிருக்கிறார். என் கையெழுத்தும் வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "என்னைத் துரத்துறீங்களா?" என்று கேட்டேன். காதை அவர் வாயருகே வைத்துக் கேட்டேன். "துரத்தல, ஈனிட். பட்டியைத் திறந்து விடுறேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உறையில் ஸ்டாம்பும் ஒட்டியாகிவிட்டது. ஆனால் இரண்டு முறை தபால் பெட்டிவரை போய் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அங்கே யாராவது மாத்திரையை நேரம் தவறிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று முதலில் பயந்தேன். இப்போது அதைவிடப் பெரிய பயம், சரியான நேரத்தில் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான். நான் இல்லாமலும் நடந்துவிட்டால், அப்புறம் நான் யார், தெல்மா?

காலையில் அவர் மேசை மேலிருக்கும் உறையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார்.

உன்னையும் பிள்ளைகளையும் ஆண்டவர் நன்றாக வைத்திருக்கட்டும். எனக்கு ஒரே ஒரு வரி எழுது, கண்ணே. 'அக்கா, போட்டுடு' என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம். நீ சொல்லித்தான் போட்டேன் என்று இருக்கட்டும்.

என்றும் உன்,
ஈனிட்