மதுசாரம் மட்டும் விட்ட தட்டு

இந்தத் தாள் யார் கையிலாவது கிடைத்தால், கெஞ்சிக் கேட்கிறேன், அப்படியே மடித்து வைத்துவிடுங்கள். அம்மாவுக்கு மட்டும் காட்டாதீர்கள். இது என் சித்திக்கு எழுதுவது.

சித்தி, உங்கள் குளிர்கால ஜாக்கெற்றைத் தோய்க்கச் சொல்லி அம்மா இன்று தந்தார். பைக்குள் கைவிட்டபோது விரலில் பச்சைத் தூள் ஒட்டியது. முகர்ந்தேன். நிலவேம்பு. தொண்டைவரை கசந்தது.

பாடசாலை என்னை வேலை பழக அனுப்பிய ஆய்வுகூடத்தில் தாய்லாந்து மூலிகைகளைச் சோதித்தார்கள். குப்பிகளில் பெயர் ஒட்டுவதுதான் என் வேலை. நொய் என்ற தாய்லாந்து மாணவி நிலவேம்பை மதுசாரத்தில், அதாவது அல்கஹோலில், ஊறவைத்து, தட்டில் வளர்த்த புற்றுநோய் உயிர்க்கலங்கள்மேல் விட்டாள். மறுநாள் நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். எல்லாம் சுருங்கிச் செத்துக் கிடந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மற்றத் தட்டையும் பார்க்கும்வரை பொறு என்றாள் நொய். நான் பொறுக்கவில்லை. மல்வேர்ன் பஸ்ஸை விட்டு இறங்கி வீடுவரை ஓடினேன்.

நீங்கள் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோபாவில் படுத்திருந்தீர்கள்.

“சித்தி, கான்சர் எல்லாம் செத்துப்போச்சு!”

“ஆரின்ரை கான்சர்?”

“தட்டில இருந்தது. நிலவேம்பு விட்டு.”

“ஊரில காய்ச்சலுக்குக் குடிக்கிற அதே சாமானோ? விசரி, இதை முந்தியே சொல்லியிருந்தா என்ரை தலைமயிராவது மிஞ்சியிருக்கும்.”

பல கிழமைகளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தீர்கள்.

அடுத்த கிழமை நொய் மற்றத் தட்டைக் காட்டினாள். அதில் மூலிகையே இல்லை, மதுசாரம் மட்டும். அதிலும் எல்லாம் செத்திருந்தன. மதுசாரத்தின் அளவு கூடிவிட்டது, மூலிகை கொன்றதென்று சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு, குறிப்பேட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். அவளுக்கு அவ்வளவுதான்.

அதற்குள் நீங்கள் தாய்லாந்துக் கடையில் பொடி வாங்கிக் குடிக்கத் தொடங்கிவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதையும் விட்டுவிட்டீர்கள். “கொம்மாட்டச் சொல்லிப்போடாதை. அந்த மருந்து ஏத்தினா நான் மனிசியா இருக்கிறேல்லை” என்றீர்கள். ஓம் என்றேன். அன்று மூன்று இடியப்பம் சாப்பிட்டீர்கள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது தட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டொக்டர் இரண்டு தரம் அழைத்தார். எடுத்தது நான். நீங்கள் கையால் சைகை காட்டியபடி, அடுத்த கிழமை வருவா என்று இரண்டு தரமும் பொய் சொன்னேன்.

நீங்கள் போய் நாளைக்கு முப்பத்தோராம் நாள், வீட்டில் சடங்கு. நீங்கள் ஒழுங்காக மருந்து ஏற்றினீர்கள் என்றே அம்மா இன்னும் நினைக்கிறார். பின்னேரம் மரக்கறி வெட்டிக்கொண்டே சொன்னார்: “அந்த டொக்டர்தான் என்ரை தங்கச்சியைச் சாகடிச்சவன். நீ இங்கிலிசில வடிவா ஒரு கொம்ப்ளெயின்ற் எழுது. நாளைக்கு எல்லாரும் வருவினம், கையெழுத்து வாங்குவம்.”

அதை எழுதத்தான் அறைக் கதவைச் சாத்தினேன். டொக்டரின் பெயரை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. உங்கள் சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது சித்தி, ஆனால் அதை நினைத்து அழக்கூடப் பயமாக இருக்கிறது. அது நான் பாதிச் செய்தி சொல்லி வாங்கிய சிரிப்பு. மீதியை இனி உங்களுக்குச் சொல்ல முடியாது. அம்மாவுக்குச் சொல்லலாம். சொன்னால் அவர் என்னை எப்படிப் பார்ப்பாரோ தெரியாது. சொல்லாவிட்டால் அந்த டொக்டர்

அம்மா கதவைத் தட்டுகிறார்.

“பிள்ளை, எழுதி முடிச்சிட்டியே? திற, எனக்கு வாசிச்சுக் காட்டு.”