விண்ணப்ப எண் 47 மேசையில் தட்டியது குறித்து

அனுப்புநர்
விண்ணப்ப எண் 48,
தையல் தொழிலாளி,
கீழ்த்தளம், தண்ணீர்த்தொட்டி வீதி.

பெறுநர்
தேர்வு அதிகாரி அவர்கள்,
வானொலி உரிமப் பிரிவு.

பொருள்: தொடக்கநிலை அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வில் என் அண்ணன் (எண் 47) பெயருக்கு எதிரே எழுதப்பட்ட "முறைகேடு" என்ற குறிப்பை நீக்கக் கோருதல்.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் ஜூன் 3.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அண்ணன் கல் அறுக்கும் பட்டறையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். நுரையீரலில் தூசி படிந்து, இரண்டு வார்த்தை பேசினாலே இருமல் பிடித்துக்கொள்ளும். பட்டறை அவருக்குக் கொடுத்தது ஒரு முகக்கவசம். அதுவும் கடைசி வருடத்தில். வீட்டோடு முடங்கியவர், மோர்ஸ் குறிகளைத் தட்டியே தூரத்து மனிதர்களோடு பேசலாம் என்று தெரிந்ததும் இந்தத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். "மூச்சு வேணாம் எலி, விரல் போதும்" என்பார். எலி என்பது நான்.

2. ஏழு மாதம் படித்தோம். நான் தையல் மிஷினில் இருப்பேன். அவர் கட்டில் கம்பியில் ஸ்பூனால் தட்டிக் கேள்வி கேட்பார். "வீட்டுல மரங்கொத்தி வளக்குறீங்களா?" என்று மாடி வீட்டு அக்கா கேட்டார். போகப் போகச் சாப்பாடு, மாத்திரை, சண்டை எல்லாமே எங்களுக்குள் தட்டல்தான்.

3. எழுத்துத் தேர்வில் எனக்குப் பக்கத்து மேசை அவருக்கு. ஒன்பதாம் கேள்வி, மின்தடைக் கணக்கு. அதில் தடுமாறி, எழுதியதையே அடித்து அடித்து எழுதினேன். அவர் மேசையில் தட்டினார். இதை நான் மறுக்கவில்லை. அவர் தட்டியது: "மூச்சு விடு, எலி." அவ்வளவுதான்.

4. விடை சொல்கிறார் என்று கண்காணிப்பாளர் அவர் தாளைப் பிடுங்கினார். அண்ணனுக்கு இருமல் வந்துவிட்டது. "நடிக்காதய்யா, எழுந்து வெளிய போ" என்றார். அண்ணன் தன் விளக்கத்தையும் மேசையில்தான் தட்டினார். ஐயா, வானொலித் தேர்வு நடந்த அந்த அறையில் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். ஒருவருக்கும் மோர்ஸ் தெரியாது. பிற்பகல் மோர்ஸ் தேர்வையும் ஒலிப்பதிவுக் கருவிதான் நடத்தியது.

5. அவர் தட்டியதைப் புரிந்துகொள்ளத் தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் எழுந்து சொல்லவில்லை. என் தாளும் போய்விடும் என்று பயந்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனார். நான் தேர்ச்சி பெற்றேன்.

6. மூன்று வருடத் தடை என்று தங்கள் கடிதம் வந்தது. அதன்பின் அவர் ஸ்பூனைத் தொடவில்லை. மாத்திரை வேண்டுமா என்று நான் தட்டினால் தலையை மட்டும் ஆட்டுவார். பதினோராம் நாள் இறந்துவிட்டார்.

7. இரண்டு தாள்களும் தங்களிடம் இருக்கின்றன. ஒன்பதாம் கேள்வியை மட்டும் எடுத்துப் பாருங்கள். அன்று இரவே அந்தக் கணக்கை அவர் கட்டில் கம்பியில் தட்டிக் காட்டினார். அவர் விடை சரி. என் விடை தவறு.

8. அவர் விடை சொன்னது உண்மை என்றால், கேட்டு எழுதியவள் நான். என் உரிமத்தையும் ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் "முறைகேடு" என்ற அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அவர் பெயருக்கே ஒரு கடிதம் அனுப்புங்கள். அது வரும்வரை என் வானொலிக் கருவியை நான் இயக்கப் போவதில்லை. கட்டில் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. அந்தக் கடிதத்தை அதன் கம்பியில் ஒருமுறை தட்டிப் படிக்க வேண்டும்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
எண் 47-இன் தங்கை

இடம்: மேற்படி முகவரி
நாள்: ஜூன் 21