மூன்று மீட்டர் வயர்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது; அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். போனில் சொல்ல முடியாது, யாரிடம் எத்தனை நிமிடம் பேசினேன் என்று அவர் பார்ப்பார். இன்று அவருக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. ஆறு மணிக்கு முன் திரும்ப மாட்டார். பாப்பா தூங்குகிறாள்.

"நான் அனுப்பின கேம் செட்டோட கன்ட்ரோலர் எப்படி உடைஞ்சது? வேற எது வேணும்னு பாத்து சொல்லு, வாங்கி அனுப்பறேன்" என்று போன வாரம் கேட்டீர்கள். கீழே விழுந்துவிட்டது என்றேன். விழுந்தது உண்மைதான். விழுந்த இடம் என் தோள்பட்டை.

டிவி ஆட்டத்தில் ஆளை நகர்த்துகிற அதன் இடப்பக்கக் குச்சி தேய்ந்து, விரல் படாமலே ஆட்டக்காரனை ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டு போகும். அன்று கால்பந்து ஆடிக்கொண்டிருந்த உங்கள் தம்பி கடைசி நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்றுவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்து, நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "வந்தா பாரு, நல்ல நேரத்துக்கு" என்றார். வயரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கன்ட்ரோலரைத் தலைக்கு மேல் சுழற்றி வீசினார். முதல் வீச்சு சுவரில் பட்டுக் காரை உதிர்ந்தது. இரண்டாவது தோளில். மூன்றாவதில் அதன் ஓடு பிளந்து பொத்தான்கள் கட்டிலுக்கடியில் ஓடின. அப்புறம் வெறும் வயர்தான், முதுகு முழுக்க. நான் சத்தம் போடவில்லை. உள்ளே பாப்பா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் கதவு இடித்துவிட்டது என்றேன். அவரும் கதவைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

மறுநாள் உங்கள் தம்பி தானே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "கணக்குல எம்.எஸ்சி. படிச்சவ. புது கன்ட்ரோலரை நீயே ஒழுங்கா பாத்து வாங்கு. இனிமே குச்சி இழுத்துச்சுன்னா என்னைச் சொல்லாத" என்றார்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நானும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன், அண்ணி. நல்லதாக ஒன்று அமைந்தால் ஜெயிப்பார், ஜெயித்தால் கை ஓங்க மாட்டார் என்று நம்பினேன். வயர் இல்லாதது மூன்று மடங்கு விலை, அது நமக்கு ஆகாது. வயர் உள்ளதில் எதில் குச்சி சீக்கிரம் தேயாது, எதில் பொத்தான் ஒட்டிக்கொள்ளாது என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் வாயாடி. "மேடம், கண்ணை மூடிட்டு இதை எடுங்க. மூணு மீட்டர், நூல் பின்னின வயர். நாய் கடிச்சாலும் அறுந்துபோகாது" என்றார். நான் அந்த வயரையே பார்த்தேன். இதைவிடக் குட்டையாக, மெலிசாக இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாரும் நீளமாத்தான் கேப்பாங்க. நீங்க என்ன, டிவி மடியிலயே உக்காந்து ஆடப் போறீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

பாப்பா அதற்குள் மேசைமேல் பிரித்துவைத்திருந்த இரண்டு கன்ட்ரோலர்களின் வயர்களை எடுத்தாள். குனிந்து காலுறையை இறக்கி, தையல் கடையில் துணியை உடம்பில் வைத்துப் பார்ப்பதுபோல், ஒவ்வொன்றாகக் கெண்டைக்காலில் வைத்துப் பார்த்தாள். "பின்னல் போட்டது வேணாம்மா. அப்பா சார்ஜர் மாதிரி, ரெண்டு நாள் எரியும். ரப்பர்னா தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்" என்றாள். அவளுக்கு ஏழு வயது. எது மலிவு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

பில் போடப்போன கடைக்காரர் கை நின்றுவிட்டது. இரண்டு பெட்டிகளையும் உள்ளே வைத்தார். "இன்னிக்கு எதுவும் வாங்காதீங்க மேடம்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றிப் பார்த்தேன். கெண்டைக்காலில் நான்கு தடங்கள். ஒன்று இன்னும் சிவப்பாக இருந்தது. இந்த வெயிலில் எதற்கடி வீட்டுக்குள்ளும் காலுறை என்று அவளை எத்தனை முறை திட்டியிருக்கிறேன். நானே குளித்துக்கொள்கிறேன் என்று இரண்டு மாதமாக அடம்பிடித்தபோது, பிள்ளைக்குச் சமர்த்து வந்துவிட்டது என்று உங்களிடமே பெருமையடித்தேன். பள்ளி விட்டு நாலு மணிக்கு வருகிறவள், நான் எட்டு மணிக்கு வரும்வரை அவரோடுதான் இருக்கிறாள். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற நான் என் பிள்ளையின் காலைப் பார்க்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா உன்னை இன்னும் அடிப்பாராம்" என்றாள்.

கல்யாணமான புதிதில், உங்கள் புருவத்தில் அந்த வெட்டுத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்டேன். கதவு இடித்தது என்றீர்கள். சொல்லும்போது உங்கள் தம்பி எழுந்து வெளியே போனதை நானும் பார்த்தேன். இடித்தபோது அந்தக் கதவுக்குப் பதினைந்து வயது இருக்கும், இல்லையா அண்ணி? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். என் அப்பா இரண்டு முறை சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவிட்டார். உங்களிடம் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கடிதத்தைக் கடையில் என்னோடு வேலை செய்கிறவர் நாளைக்கே விரைவுத் தபாலில் சேர்ப்பார். வெள்ளிக்கிழமை வரை பள்ளி விட்டதும் பாப்பா என்னோடு கடையில் இருப்பாள். அவள் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று உங்கள் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். புது கன்ட்ரோலர் சனிக்கிழமை வரும் என்றும் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பள்ளி வாசலிலிருந்து நேராக உங்கள் ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவோம். புத்தகப் பை ஒன்றுதான் கையில் இருக்கும்.

அவர் உங்களைக் கூப்பிடுவார், அழுவார். நன்றாக அழுவார், உங்களுக்குத் தெரியும். நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை, மனசு உருகத்தான் செய்யும். நாங்கள் வந்த முதல் இரவு மட்டும் உருகாமல் இருங்கள். மறுநாளைக்கு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிடும்.

எதுவும் வாங்கி அனுப்ப வேண்டாம். ஒன்றே ஒன்று செய்யுங்கள். அத்தை வீட்டு உள்ளறைத் தாழ்ப்பாள் தனக்கு எட்டுமா என்று தூங்குவதற்கு முன் பாப்பா கேட்டாள். எட்டும் என்று சொல்லிவிட்டேன். எட்டாத உயரத்தில் இருந்தால், நாங்கள் வருவதற்குள் ஆள் வைத்துக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துவிடுங்கள்.

நலமா என்பதை அந்த அறைக்குள் வந்து சொல்கிறேன்.

உங்களை நம்பி,
பாப்பாவின் அம்மா