புது ஷூவும் அண்ணனின் பழைய பனியனும்

என் பிரியத்துக்குரிய நங்கையா,

அண்ணன் பெண்டாட்டி என்பதால் நங்கையா. மற்றபடி நீங்கள் எனக்குக் கூட்டாளிதான். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், அதற்குள் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போனால் யாரோடு நான் சண்டை போடுவது?

கருமாதி முடிந்து சொந்தபந்தமெல்லாம் பஸ் ஏறியாயிற்று. உங்களிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். உங்கள் மகள், நம் தனத்துக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடிய அதே வாரம்தான் கடிதம் வந்தது. அதைப் பார்க்காமல் போய்விட்டீர்களே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் அவள் போவாளா என்பதுதான் இப்போது கேள்வி. "பொம்பளை இல்லாத ஊடு. புள்ளையும் போயிட்டா அப்பனுக்குச் சோறு ஆரு ஆக்கறது?" என்று பெரியம்மா கிளம்பும்போது கேட்டுவிட்டுப் போனார். அண்ணன் வாயே திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்தால் போக வேண்டாம் என்றுதான் அர்த்தம், உங்களுக்குத் தெரியாதா?

நேற்று தனம் புது வெள்ளை ஷூவைப் போட்டு வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் நொண்ட ஆரம்பித்துவிட்டாள். குதிகாலில் கொப்புளம். "அத்தை, இது இப்படித்தான் கடிக்குங்களா? பேசாம நான் போகலைன்னு சொல்லிடட்டுங்களா?" என்றாள். சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது. ஷூ கடித்ததற்கா அழுதாள், அம்மா இல்லாததற்கா? நான் கேட்கவில்லை.

அவளை உட்கார வைத்து உங்கள் கதையைச் சொன்னேன். அண்ணன் வெளியே கட்டிலில் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

நான் கோயம்புத்தூருக்கு நர்ஸ் படிக்கப் போனபோது என் கால் ஷூ என்பதையே அறியாது. வார்டில் பகல் பூராவும் நிற்க வேண்டும். நிற்க முடியாதவர்கள் ஊருக்குப் போகலாம் என்று பெரிய சிஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். கால் இரண்டும் புண்ணாகி உங்களுக்கு எழுதினேன். அப்போது நீங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் நூல் பிசிர் வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். வேஸ்ட் துணியில் வெள்ளையிலேயே வெள்ளையாக, மெத்தென்று இருந்ததைப் பொறுக்கி ஆள் மூலம் கொடுத்தனுப்பினீர்கள். அதைக் குதிகாலில் வைத்துக்கொண்டு நின்றேன். மதியத்துக்குள் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. மறுநாள் தோல் உரிந்துவிட்டது. வந்துவிடுகிறேன் என்று வீட்டுக்கு எழுதிப் போட்டேன்.

அண்ணனுக்கு அது வசதியாகப் போயிற்று. பல்லடத்தில் தறி ஓட்டும் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். "போய்க் கூட்டிட்டு வா" என்று உங்களைத்தான் அனுப்பினார். என் துணிமணிகளை எடுத்து வரக் காலிப் பையோடு வந்து நின்றீர்கள்.

என் காலைப் பார்த்தீர்கள். அந்தத் துணியை எடுத்து மூக்கில் வைத்தீர்கள். முகம் மாறிப்போனது.

"அடக் கருமமே. இது சரியா அலசாத துணி அம்மிணி. பிளீச்சிங் மருந்து இன்னும் போகவே இல்ல. வெள்ளையா இருக்குதேன்னு பாத்துப் பொறுக்குனேன் பாரு, என்னையச் சொல்லணும்."

பனியன் கம்பெனிக்காரர் கண்ணுக்கு வெள்ளைதானே முதலில் தெரியும்? உங்களைக் கேலி செய்ய எனக்குக் கிடைத்த ஒரே சாக்கு அது. கடைசிவரை விட்டேனா?

எனக்கென்று கொண்டு வந்த சோற்றுத் தூக்கில் சுற்றியிருந்த அண்ணனின் பழைய பனியனை அப்போதே உருவினீர்கள். இடுப்பில் செருகியிருந்த பிசிர்க் கத்திரியால் பட்டை பட்டையாக வெட்டி, தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி என் குதிகாலுக்கு இரண்டு சுற்று சுற்றினீர்கள். "துணியும் துணியும் உரசிக்கட்டும். தோலு சும்மா இருக்கட்டும்" என்றீர்கள். ஷூவின் பின்பக்கத்து விறைப்பான தோலில் விளக்கெண்ணெய் தேய்த்து, மாவு பிசைகிற மாதிரி பிசைந்தீர்கள். புண் ஆறும்வரை சாயங்காலம் அறையில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழகு, அதுவரை ரப்பர் செருப்போடு நிற்கிறேன் என்று சிஸ்டரிடம் கேளு என்றீர்கள். கேட்டேன். அந்த அம்மாளும் சரி என்றுவிட்டார். எனக்குத்தான் அதுவரை வாய் வரவில்லை.

"ஏனுங்க நங்கையா, அண்ணங்கிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

"காலு நோவுதுன்னா, மருந்து போட்டுட்டு வந்தேன்னு சொல்றேன். அதுல என்ன பொய்யி?"

காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். வீட்டில் அதற்கு என்ன நடந்தது என்று நீங்கள் சொன்னதே இல்லை. நான் நர்ஸ் ஆனேன். எத்தனையோ பேருக்குப் புண் கட்டினேன். நீங்கள் அன்று வாங்கிக் கட்டிக்கொண்டது என்ன என்று மட்டும் கேட்காமலே இருந்துவிட்டேன்.

கதையைச் சொல்லி முடித்தபோது தனத்தின் குதிகாலிலும் துணி சுற்றி முடித்திருந்தேன். அலசின துணிதான், கவலைப்படாதீர்கள். வெளியிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"வெறும் பையோட வந்து நின்னா. நான் ரொம்ப நாள் அவகூடப் பேசவே இல்ல. அவ பாட்டுக்குச் சோறு போட்டுட்டு வேலைக்குப் போயிட்டா."

எழுந்து உள்ளே வந்தார். தனத்தின் காலைப் பார்த்தார்.

"நீ போ கண்ணு. சோறு நான் ஆக்கிக்கறேன்."

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய், உப்பு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை நங்கையா. மூன்று பேரும் தேடினோம். எங்கேதான் வைத்திருக்கிறீர்கள்?

தனம் திங்கட்கிழமை கிளம்புகிறாள். அவள் படிப்பை முடிக்கும்வரை, அவளைக் கூட்டி வர இந்த வீட்டிலிருந்து யாரும் பை எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு.

உங்கள் சொல்லுக்கு இன்னும் கட்டுப்பட்ட நாத்தனார்,
மரகதம்