இரண்டு தடத்தில் ஒரு பாட்டு

வெள்ளவத்தை,
28.1.65

அன்புள்ள நேசம்,

நீங்கள் ஆறுபேரும் ரயில் ஏறிப்போன பிறகு எங்கள் ஒலிப்பதிவுக் கூடம் வெறிச்சென்று கிடக்கிறது. இலட்சுமி அக்கா வெற்றிலை துப்ப இடம் தேடி மாடி முழுக்க அலைந்ததைச் சொல்லிச் சொல்லி ஒலிப்பதிவாளர் கனகலிங்கம் அண்ணர் இன்னும் சிரிக்கிறார்.

நான் வேலை பழக வந்த நாளிலிருந்து இப்போதுதான் அவர் ஒரு பாட்டை முழுதாக என் கையில் விட்டிருக்கிறார்: நெல் அறுக்கையில் நீங்கள் பாடும் அரிவி வெட்டுப் பாட்டு. நாடாவில், முன்பாட்டுப் பாடும் உன் குரல் ஒரு தடத்தில், மற்ற ஐவரின் குரல் இன்னொரு தடத்தில். இரண்டு தடத்தின் ஒலித் திருகுகளையும் கூட்டிக் குறைத்து ஒரே பாட்டாக்க வேண்டும். சொல்ல எளிது. உன்னைக் கொஞ்சம் கூட்டினால் மற்றவர்கள் அயல்வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

"பாடுறவளை முன்னுக்கு வை" என்பது அண்ணரின் விதி. நான் வைக்கவில்லை. வரம்பில் நின்று கேட்டால் யார் குரலென்று தெரியாமல்தானே அந்தப் பாட்டு வரும்? அப்படியே கலந்தேன். கேட்டுவிட்டு, "உங்கடை ஊர்ப் பாட்டு, உமக்குத்தான் தெரியும்" என்றார்.

வரும் வெள்ளி மாலை வானொலியில் போகும். பெப்ரவரிக் கடைசியில், இசைத்தட்டுக்காக நாடாவைச் சென்னைக்கு அனுப்புவோம். கேட்டுவிட்டு எழுது.

உன்,
விமலா

முரசுமோட்டை,
9.2.65

என் விமலா,

வெள்ளிக்கிழமை கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நிற்க இடமில்லை. மனேச்சர் அப்புத்துரையர் றேடியோவை மேசையோடு வெளியே தூக்கி வைத்தார். இலட்சுமி அக்கா வரிக்கு வரி, "இது நான்! இந்தக் கரகரப்பு நான்தான்!" என்று கத்தினா. "வாயைப் பொத்தடி, நீ கத்துறதிலை நீ பாடுறது கேக்குதில்லை" என்று எல்லோரும் சிரித்தார்கள். அப்படி ஒரு சந்தோசம்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டா, "உன்ரை குரல் எது பிள்ளை?" நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

வயலில் நான் தொண்டையை அடக்கித்தான் பாடுவேன். முன்பாட்டுக்காரி உரத்துப் பாடினால் மற்றவர்கள் கேட்டுக்கொண்டு நின்றுவிடுவார்கள், அரிவாள் ஓடாது. உன் அறையில் வெட்ட நெல் இல்லை. எனக்கென்று ஒரு மைக். முதல்தடவையாக முழுத் தொண்டையும் திறந்து பாடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ இருந்தாய். கேட்டாய். கேட்டுவிட்டுக் குறைத்தாய்.

இதை வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை.

நேசமலர்

வெள்ளவத்தை,
13.2.65

அன்பு நேசம்,

எது அழகு என்று நானே முடிவுசெய்துவிட்டேன். உன்னை நினைக்கவில்லை.

இரண்டு தடமும் அப்படியே இருக்கின்றன; இசைத்தட்டுக்கு மறுபடி கலக்கலாம். இன்று பகல் முழுக்க அதுதான் வேலை. நீ பாடிய அளவுக்கு உன்னை விட்டால் உடம்பு சிலிர்க்கிறது, ஆனால் இலட்சுமி அக்கா இல்லாமல் போகிறா. அவா கேட்கும்வரை இறக்கினால் நீ மறுபடி ஆறில் ஒருத்தி. நடுவில் வைத்தாலோ ஒருவரும் சரியாக இல்லை.

எப்படி வேண்டும் என்று நீயே எழுது. அப்படியே செய்கிறேன்.

விமலா

முரசுமோட்டை,
19.2.65

விமலா,

எழுதமாட்டேன். "என்னைக் கூட்டு" என்று எழுதினால், அவர்களோடு ஒரே நிரையில் குனிந்து வெட்ட எனக்கு முகமில்லை. "இருக்கட்டும்" என்று எழுதினால் உனக்குப் பொய் எழுதியவளாவேன். நீ வாசிக்கும் புத்தகங்களில் என்றால் யாராவது ஒருத்தி விட்டுக்கொடுப்பாள், நாம் அழுவோம். எனக்கு விட்டுக்கொடுக்க மனமுமில்லை, கேட்க வாயுமில்லை.

திருகில் கை வைத்திருப்பவள் நீ. நாளைக்கு ஆரும் கேட்டால் "நேசம்தான் சொன்னவள்" என்று காட்டுவதற்கு என்னைக் கேளாதே.

நாளை எங்கள் வயலில் வெட்டு.

நேசமலர்

வெள்ளவத்தை,
26.2.65

நேசம்,

நாடா இன்று போய்விட்டது.

பாட்டு நீங்கள் றேடியோவில் கேட்டபடியே போகிறது, மூன்றாவது கண்ணி வரை. அங்கே மற்றவர்களின் தடத்தை அடியோடு இறக்கிவிட்டு, உன்னை நீ பாடிய அளவுக்கே விட்டேன். கண்ணி முடிந்ததும் எல்லோரும் திரும்பி வருகிறார்கள். கனகலிங்கம் அண்ணர் பதறி ஓடிவந்தார். "என்ன பிள்ளை, மற்றத் தடம் செத்துப்போச்சு! கை தவறிட்டுதோ?"

"இல்லை அண்ணர், வேணுமெண்டுதான்."

"அப்ப ஊர்ப் பக்கம் போகாதையும்" என்று சொல்லிவிட்டு இரண்டாம்முறை போடச் சொல்லிக் கேட்டார்.

அந்த இடத்திலும் நீ முழுதாகத் தனியே இல்லை. உன் மைக்கிலும் அவர்கள் குரல் கொஞ்சம் ஏறியிருக்கிறது, வயலின் மறுகரையில் நின்று பாடுவதுபோல. அதை எந்தத் திருகாலும் எடுக்க முடியவில்லை.

இலட்சுமி அக்கா கேட்டால் "விமலா தன்பாட்டில் செய்தது" என்று சொல். அது உண்மை. சித்திரைக்கு வருகிறேன், அவா என்னைக் கிழிக்கட்டும். அந்த நேரம் நீ மட்டும் பக்கத்தில் நில்லாதே. சிரித்துவிடுவாய்.

விமலா