அக்காவின் பையில் ஒரு பட்டுப் பாவாடை

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காய்ந்து மூன்று நாள் ஆகிறது. மித்ராவின் சட்டைகளெல்லாம் ஃபேனுக்குக் கீழே நாற்காலி முதுகில். ஆபீஸுக்கு இன்னும் ஏழு நாள். ஆறு மாத லீவில் என்ன செய்தாய் என்று கேட்டால் இந்த நாற்காலிகளைக் காட்டலாம்.

செய்ய வேண்டியவை:
– ஆபீஸ் வாசகர் வட்டத்துக்குப் பத்து த்ரில்லர் சிபாரிசு. தலைப்பு அவர்களே கொடுத்தது: குடும்ப ரகசியம், தாய்மை, அக்கா தங்கை. ஆறு முடிந்தது.
– தடுப்பூசி அட்டை தேட. (கடைசியாக ஃபிரிட்ஜ் மேல்?)
– அடுத்த திங்கள் முதல் மித்ராவை யார் பார்ப்பது. அம்மாவிடம் பேச.

ஆறாவது புத்தகம் (பனி, ஏரி, பூட்டிய அறை): தாய் ரொம்ப நல்லவளாக இருந்தாள். எழுபதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். முரளி சொல்கிறான்: "நீ இதெல்லாம் படிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து என்னையே ஒரு மாதிரி பாக்குற." பார்க்கத்தான் செய்கிறேன். இந்த மாதிரிப் புத்தகங்களில் புருஷன்கள் பெரும்பாலும் நாற்பதாம் பக்கத்துக்குள் செத்துப்போகிறார்கள்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன். ஜோகுபாளையத்திலிருந்து இங்கே ஆட்டோவில் பத்து நிமிடம். அதே பதில்.

"தனியான்னா என்னால ஆவாதுடி. ரேணு கூட இருந்தா பாத்துக்கறேன்."

ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட மித்ராவோடு தனியாக இருந்ததில்லை. நான் குளிக்கப் போனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் கதவிலேயே நிற்பாள். "ஆச்சா? ஆச்சா?" இரண்டு பெண்களை வளர்த்தவளுக்கு என்ன பயம்? கேட்டால், வயசாச்சு என்கிறாள். அறுபத்தைந்து. மார்க்கெட்டில் பத்து கிலோ பை தூக்குகிறாள்.

ஜூலை 15, செவ்வாய்

மழை இல்லை, காற்று. பதினோரு மணிக்கு ரேணு அக்கா வந்தாள். இட்லி மாவு விற்று முடித்துவிட்டு தினமும் வருகிறாள், மர்பி டவுனிலிருந்து, நடந்தே. நான் கேட்டு வந்ததில்லை. வந்ததும் முதல் வேலை பாத்ரூம் போய் பக்கெட்டைக் கவிழ்த்து வைப்பது. அம்மாவுக்கும் இதே பழக்கம். டெங்கு கொசு என்பார்கள்.

மித்ரா பால் கக்கினாள். துடைக்கத் துணி தேடி அக்காவின் பையில் கைவிட்டேன். உள்ளே:

– பட்டுப் பாவாடை, சட்டை. மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. புதிது. சீட்டில் 4–5 வயது.
– கண்ணாடி வளையல், சின்ன சைஸ், ஒரு டஜன்
– சீப்பு, சிவப்பு ரிப்பன், கண்மை டப்பா

அக்காவுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம்.

"யாருக்குக்கா இது?"

வெடுக்கென்று பையைப் பிடுங்கினாள். "ஃபிரண்டு பொண்ணுக்கு. பர்த்டே."

"எந்த ஃபிரண்டு?"

"ஒனக்கு தெரியாதுடி. கொழந்த மூக்க தொடச்சி வுடு."

அக்காவின் சிநேகிதிகள் மொத்தம் மூன்று பேர். மூவரையும் தெரியும். மூவருக்கும் பையன்கள்.

ஜூலை 16, புதன்

தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்பது ஏழாவது புத்தகத்தின் போலீஸ்காரி சொல்லிக்கொடுத்தது. அம்மாவுக்குப் போன். சாதாரணமாகக் கேட்பதுபோல, பாவாடை யாருக்கு என்றேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் இரண்டு. பிறகு: "ரேணு மாமியார் பக்கம் யாரோ கொழந்தைக்கு." ஆக, ஒரே பாவாடைக்கு இரண்டு பொய்.

என் ஊகங்கள்:
1. அக்காவுக்கு எங்கேயோ ஒரு பெண் குழந்தை இருக்கிறது.
2. மாமாவுக்கு இருக்கிறது. அக்காவுக்குப் பெரிய மனசு.
3. நானே அக்கா பெற்ற பெண் (நாலாவது புத்தகம்). நான் பிறந்தபோது அக்காவுக்கு ஒன்பது வயது. கோடு போட்டு அடித்துவிட்டேன்.

சிரிப்பாக எழுதுகிறேன், ஆனால் பேனாவைக் கீழே வைக்க முடியவில்லை. பழையதெல்லாம் ஞாபகம் வருகிறது. நான் பிறப்பதற்கு முன் எடுத்த ஃபோட்டோ ஒன்றுகூட வீட்டில் கிடையாது. அம்மா என்னை அடித்தது வாழ்க்கையில் ஒரே தடவை. பரணிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்ததற்காக. எட்டு வயது இருக்கும் எனக்கு. உள்ளே ஒரு குட்டிப் பாவாடை இருந்தது. ஆசையாக இடுப்பில் வைத்துப் பார்த்தேன். பளாரென்று விழுந்தது.

இன்னொன்று. போன வாரம் மித்ராவுக்கு எண்ணெய் தேய்க்கும்போது அம்மா "கௌரி, ஆடாத" என்றாள். யார் கௌரி? "பழைய வீட்டாண்ட ஒரு கொழந்த," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

என் குழந்தையை இவர்களை நம்பி எட்டு மணி நேரம் விடப்போகிறேன். பெற்ற தாயையும் கூடப்பிறந்தவளையும் சந்தேகப்படுகிறேன் என்று வெட்கமாக இருக்கிறது. வெட்கம் ஒரு பக்கம். பயம் அதைவிடப் பெரிது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. பக்கத்துத் தெரு கிரச்சுக்குப் போய்ப் பார்த்தேன். சுத்தம். கேமரா உண்டு. நடத்தும் அம்மாள் கன்னடத்திலேயே மித்ராவைக் கொஞ்சினார், அவளும் சிரித்தாள். சேர்த்துவிட்டேன். முரளிக்கு ஆச்சரியம். "அக்காகிட்ட கேட்டியா?" கேட்கவில்லை. அக்காவுக்குப் போனில் சொன்னேன்.

"மித்ராவ கிரச்ல போட்டுட்டேன்க்கா. மண்டேலேர்ந்து."

ஒரு பெருமூச்சு, மூட்டையை இறக்கி வைத்தவள் விடுவதுபோல. "நல்லதுடி. அதான் நல்லது."

ஆறு மாதம் தினமும் நடந்து வந்தவளுக்கு ஒரு வார்த்தை வருத்தம் இல்லை. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இரவு அம்மா: "நாளைக்கி வராத. வூடு கழுவறோம்." ஒவ்வொரு ஆடியிலும் முதல் வெள்ளிக்கிழமை இந்த வீடு கழுவல் வருகிறது. இத்தனை வருடம் அதை ஏன் யோசிக்கவில்லை? நாளைக்குப் போகிறேன்.

ஜூலை 18, வெள்ளி

போனேன். மித்ரா தோளில் தூக்கம். கதவு சும்மா சாத்தியிருந்தது. தரை கழுவிய ஈரம் எங்கேயும் இல்லை.

சுவரோரம் மணை. மணைமேல் அந்த மஞ்சள் பாவாடை, மடித்து. அதன்மேல் வளையல், சீப்பு, ரிப்பன், மல்லிகை. முன்னால் வாழை இலை. பொங்கல், வடை, தேங்காய்ப் பூரணம் வைத்த பேக்கரி தில்பசந்த் ஒரு துண்டு. அம்மாவும் அக்காவும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

பார்த்ததும் புரிந்தது. இந்தப் பக்கம் எத்தனையோ வீடுகளில் செய்வதுதான். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணுக்கு ஆடியில் புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். பக்கத்து வீட்டுப் படையலில் நானே சுண்டல் வாங்கித் தின்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படி யாரும் கிடையாது என்று நினைத்திருந்ததால், பாவாடையைப் பார்த்தும் உயிரோடு இருக்கிற பெண்ணையே தேடிக்கொண்டிருந்தேன்.

"யாரு?" என்றேன்.

அக்காதான் சொன்னாள்: "ஒனக்கு இன்னொரு அக்கா இருந்தா பவானி. கௌரி. எனக்கு அடுத்தவ. நாலு வயசு."

"என்னாச்சு?"

"பழைய வூட்ல ஆறு வூட்டுக்கும் ஒரே சம்ப்பு, தரைக்குள்ள தண்ணித் தொட்டி. கார்ப்பரேஷன் தண்ணி வந்தா மூடிய தெறந்து ரொம்பிச்சான்னு பாக்கணும். அன்னிக்கி நம்ம முறை. நான்தான் பாத்துகினு இருந்தேன், கௌரி என் பக்கத்துல."

அம்மா குறுக்கே வந்தாள். "அவள சொல்லாத. ஒம்பது வயசு கொழந்த அவ. உள்ளேர்ந்து கூப்ட்டது நானு. பாப்பா அழுவுது, வந்து தூக்குடி, என் கையெல்லாம் மாவுன்னு."

"மூடிய போட்டுட்டு வந்திருக்கணும் நானு."

"நான் கூப்டாம இருந்திருக்கணும்."

எத்தனை வருடமாக இதே இரண்டு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் குரலிலேயே தெரிந்தது. எனக்குத்தான் இன்னும் ஏறவில்லை. "எந்தப் பாப்பா?" என்றேன்.

அம்மா இலையைச் சரி செய்தாள். அக்கா தரையைப் பார்த்துச் சொன்னாள். "நீதான். அஞ்சு மாசம் ஒனக்கு. ஒரு நாளும் ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அப்பா எங்ககிட்ட சத்தியம் வாங்கினாரு."

நான் அழுததை முப்பத்து மூன்று வருடம் என்னிடமிருந்து மறைத்திருக்கிறார்கள். மணை முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மித்ரா எழுந்துகொண்டாள், அவளும் அழுதாள். பிறகு சாப்பிட்டோம். அம்மா தில்பசந்தை மூன்றாகப் பிட்டுக் கொடுத்தாள். கௌரிக்கு அதுதான் உயிராம்.

ஜூலை 20, ஞாயிறு

வெயில், ஒரு வழியாக. துணி காய்ந்தது. இரண்டு நாளாக ஒரு வரி எழுத முடியவில்லை.

எட்டாவது புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டேன். இந்தக் கதைகளில் தங்கை ரகசியத்தைக் கண்டுபிடித்தால் கடைசியில் யாராவது கைதாகிறார்கள். எங்கள் வீட்டில் யாரைக் கைது செய்வது? ஐந்து மாதக் குழந்தையையா? ஏழு புத்தகத்தோடு பட்டியலை அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் அக்கா வீடு. மாமா கடைக்குப் போயிருந்தார். கிரச் பேச்சை எடுத்தேன்.

"நீ சொன்னப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுடி. நாளெல்லாம் கொழந்தைய பாத்துகினே இருக்கறது என்னால ஆவல. கண்ண சிமிட்ட பயமா கீது. போன வெச்சதும் ஒரே பேஜாரு. அன்னிக்கி முழுக்க அழுதேன்."

நான் கேட்காமலே: "எனக்குப் புள்ள பொறக்கலன்னு ஊரே சொல்லுச்சு. வேணாம்னு இருந்தது நான்தான். மாமாவுக்குத் தெரியும்."

அவளுக்குக் குழந்தை வேண்டி நான் எத்தனை கோயிலில் வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு பிரசாதத்தையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள்.

"மித்ராவ நீயே பாத்துக்கக்கா," என்றேன். சத்தியமாக, யோசித்துச் சொல்லவில்லை. "வேணாம்டி, என்ன நம்பாத," என்றாள். நம்புகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஊரில் என் குழந்தையை இவளைவிட ஜாக்கிரதையாகப் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்? "அம்மாவும் இருப்பாங்க. நாளைக்கி ஒரு நாள் பாரு," என்றேன். கிரச் அம்மாளிடம் ஒரு வாரம் தள்ளிச் சொல்லியிருக்கிறேன். முரளியிடம் காரணம் சொல்லிவிட்டேன். எழுந்து போய் பாத்ரூம் பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு வந்தான்.

ஜூலை 21, திங்கள்

ஆபீஸ். கேண்டீனில் காபியோடு எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கு விட்டுவிட்டு வந்தேன். மித்ரா அழவில்லை. அக்கா அவளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். மெட்ரோவில் மூன்று ஸ்டேஷன் வரைக்கும் திரும்பிப் போய்விடலாமா என்றுதான் யோசனை.

அரை மணிக்கு ஒரு தரம் போன் செய்வதாக அக்கா சொல்லியிருந்தாள். 9.30: பால் குடிச்சாச்சு. 10: வெளையாடறா. 10.30: ஆயி போனா. 11, 11.30, 12: வந்தது. அதற்குப் பிறகு இல்லை. 12.30 இல்லை. 1 இல்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும். மறுபடியும். அம்மா போன் ஸ்விட்ச் ஆஃப். பாத்ரூம், பக்கெட், மாடிப்படி, ஜன்னல், எல்லாம் கண் முன்னால் வந்தது. ஆட்டோ புக் செய்துகொண்டே அக்கா நம்பரை அழுத்தினேன். எடுத்தது அம்மா. ரகசியக் குரல்.

"இன்னாடி சும்மா சும்மா?"

"அக்கா எங்க?"

"தூங்கறா. பன்னெண்டரைக்கு உக்காந்தா, அப்படியே சாஞ்சிட்டா. பகல்ல இவ தூங்கி நான் பாத்ததே இல்ல. எழுப்பாத."

"அப்ப மித்ரா?"

"எம்மடியிலதான் கீது. நான் பாத்துகினு இருக்கேன். நீ போன வை."

பின்னால் மித்ரா ஏதோ சத்தம் போட்டாள், கோபமாக இல்லை. கேட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு ஆட்டோவைக் கேன்சல் செய்தேன். மீட்டிங் ஆரம்பித்து நாலு நிமிடம் ஆகிவிட்டது.