ஆடி பிறப்பதற்குள் ஒரு பட்டியல்

ஜூலை 10, திங்கள்

காலையிலிருந்து புழுதிக் காற்று. கல்லூரி நூலக ஜன்னல்களைத் திறக்கவே இல்லை. தமிழ்ப் புத்தகப் பட்டியல் முழுவதும் வலைத்தளத்தில் ஏற்றியாயிற்று. 3,870 தலைப்பு. எட்டு மாத உழைப்பு; என்னுடையது கொஞ்சம், மிச்சமெல்லாம் வசந்தாக்காவுடையது. அட்டெண்டர் வேலையையும் பார்த்துக்கொண்டு, ஐம்பது வயதில் ஒற்றை விரலால் அடித்துப் பழகியவர்.

இனி ஐந்து கல்லூரிப் புத்தகங்களையும் ஒரே இடத்தில் தேடலாம், ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளலாம். வெள்ளியன்று முதல்வர் திறந்து வைக்கிறார். அடுத்த திங்கள் ஆடி பிறக்கிறது. "வெப்சைட்டா இருந்தா என்னம்மா, ஆடியில ஆரம்பிக்க வேண்டாம்" என்றுவிட்டார்.

வாங்க: து.பருப்பு, ப.மிளகாய், அப்பா மாத்திரை.

மாலை ஆரப்பாளையத்தில் பஸ் வரவில்லை. பக்கத்து பிரௌசிங் சென்டருக்குள் போனேன். வெளியிலிருந்து நம் பட்டியலைப் பார்க்க ஓர் ஆசை. சின்னப் பெருமைதான்.

பக்கம் திறந்தது. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள், கட்டங்கள், கேள்விக்குறிகள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம், பிரெஞ்சு படிக்கிறீங்களா?"

சிரித்து வைத்தேன். மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 11, செவ்வாய்

சரியான தூக்கம் இல்லை. காரணம் புரிந்துவிட்டது. நாங்கள் அடித்தது பழைய எழுத்துருவில், அதாவது ஃபான்ட்டில். அது நூலகக் கம்ப்யூட்டரில் இருப்பதால் அங்கே மட்டும் தமிழ். வேறு எங்கே திறந்தாலும் குப்பை. எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் அடித்திருக்க வேண்டும். நூலகர்களின் மின்னஞ்சல் குழுவில் போன வருடமே எழுதியிருந்தார்கள். படித்தேன், புரியவில்லை. இருபது வருட சர்வீஸ், கேட்கக் கூச்சம். அவ்வளவுதான். வேறு சாக்கு எழுதாதே.

காலையில் வசந்தாக்கா: "வெள்ளிக்கிழமை பட்டுச்சேலை கட்டலாமா மேடம்? ரொம்ப ஓவரா இருக்குமோ?"

"கட்டுங்கக்கா."

முதல்வரிடம் சொல்லிவிடலாம். திட்டுவார், முடிந்துவிடும். எட்டு மாதமும் வீண் என்று அக்காவிடம் எந்த வாயால் சொல்வது?

ஜூலை 12, புதன்

மாத்திரை வாங்கியாயிற்று. வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

மதியம் சாப்பிட்டதும் அக்காவைக் காணோம். ஒன்றரை மணி நேரம். கேட்டால், "சும்மா ஒரு நட நடந்துட்டு வந்தேன் மேடம்." இந்தக் காற்றிலா?

மூன்று மணிக்கு வராந்தாவில் செல்போனில் தங்கையோடு பேச்சு. வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழிதான் என்றாலும் என் முன்னால் தமிழிலேயே பேசுவார். எனக்குத் தெரியக்கூடாதது என்றால்தான் மாறுவார். இன்று முழுக்கச் சௌராஷ்டிரம். எனக்குப் பிடிபட்டது இரண்டே சொல்: "மேடம்", "ஃபான்ட்".

தெரிந்துவிட்டதா? தெரிந்தும் கேட்கவில்லையா?

கிளம்புமுன் நூலகர் குழுவுக்கு நடந்ததை எழுதினேன். நான்கே வரி. மூன்று முறை அழித்து, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

ஜூலை 13, வியாழன்

எட்டரைக்கே போன். உசிலம்பட்டிக் கல்லூரி நூலகர் முத்துப்பாண்டி. குழுவில் பெயர் பார்த்திருக்கிறேன், ஆளைப் பார்த்ததில்லை.

"எம்புட்டு ரெக்கார்டுக்கா?"

"மூவாயிரத்து எண்ணூத்து எழுவது."

"அம்புட்டுத்தானா! நான் ஆறாயிரம் இப்படி அடிச்சு வச்சிருந்தேன். எங்க பிரின்சிபால் கண்டுபிடிச்சாரு. நீங்க பரவாயில்ல, நீங்களே பாத்துட்டீங்க. ஒரு கன்வர்ட்டர் இருக்குக்கா. இந்தப் பக்கம் ஒட்டுனா அந்தப் பக்கம் யூனிகோடா வந்துரும். மெயில்ல போட்டு விட்டேன்."

"மறுபடி அடிக்க வேண்டாமா?"

"எதுக்கு? விரலு என்ன வாடகைக்கா வந்திருக்கு?"

நாற்காலியில் உட்கார்ந்தேன். அதுவரை நின்றுகொண்டே பேசியது அப்போதுதான் தெரிந்தது.

மேலூர் நூலகரும் எழுதியிருக்கிறார்: "வெளியில் சொல்லாதீர்கள், நாங்களும் இப்படித்தான்." அதை மொத்தக் குழுவுக்கும் அனுப்பிவிட்டார்.

கன்வர்ட்டர் எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஓடவில்லை. மதியம் பட்டியலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் லேபுக்குப் போனேன். மூலைக் கம்ப்யூட்டரில் வசந்தாக்கா. மடியில் நூலகப் பதிவேடு. திரையில் தமிழ்த் தலைப்புகள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"செவ்வாக்கிழமை மதியம் லேப் சாருக்குக் காட்டலாம்னு இங்க திறந்தேன் மேடம். எல்லாம் கோழி கிளறுன மாதிரி இருக்கு. நாந்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன்னு... ஃபான்ட் வேறன்னு சார்தான் சொன்னாரு. வெள்ளிக்குள்ள முடிஞ்ச வரைக்கும் யூனிகோடுல திரும்ப அடிச்சிரலாம்னு பாத்தேன்."

"எத்தனை முடிச்சீங்க?"

"நூத்தி நாப்பது. பதிவேட்டுல ஒண்ணாம் நம்பர்லருந்து."

"தப்பு உங்களுது இல்லக்கா. என்னுது. போன வருசமே எழுதியிருந்தாங்க, கேக்க வெக்கப்பட்டு விட்டுட்டேன்."

அக்கா பக்கத்து நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டார். அவ்வளவுதான் தீர்ப்பு.

கன்வர்ட்டரை ஓட்டினோம். ஒட்டினோம், அமுக்கினோம், வந்தது. 3,870-ம் தமிழாக. 'ஸ்ரீ' மட்டும் அங்கங்கே உடைந்திருந்தது, கையால் சரிசெய்து வலைத்தளத்தில் மறுபடி ஏற்றினோம்.

"அப்ப என் நூத்தி நாப்பதும் வேஸ்ட்டா?" என்றார் அக்கா. இருவரும் சிரித்த சிரிப்பில் லேப் சார் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 14, வெள்ளி

காற்று நின்றிருக்கிறது. பத்தரைக்கு முதல்வர் அறையில், அவருடைய கம்ப்யூட்டரில் திறப்பு. எல்லாம் தமிழ். முன்பு நடந்ததையும் அவரிடம் சொல்லிவிட்டேன். "சரியாயிருச்சில்ல, விடுங்கம்மா" என்று கேசரியை நகர்த்தினார். இதற்கா நான்கு நாள் பயந்தேன்?

நாலு மணிக்கு முதல் மெயில், உசிலம்பட்டியிலிருந்து. அங்கே ஒரு மாணவிக்குக் கால்நடை நோய்கள் பற்றிய புத்தகம் வேண்டுமாம். பதிவு எண் 96. எடுத்துப் பார்த்தேன். இரவல் சீட்டில் ஒரு தேதி முத்திரைகூட இல்லை. இத்தனை வருடம் இங்கே யாரும் தொடாத புத்தகம்.

அக்கா பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து பிரவுன் தாளில் சுற்றுகிறார். எண்ணைப் பார்த்ததும் கை நின்றது.

"மேடம், இத நான் ரெண்டு தடவ அடிச்சிருக்கேன்."